மண்டையோட்டை சுத்தம் பண்ற வண்டுங்க எப்படி வேலை செய்யுது?

மியூசியத்துல வச்சிருக்கற மண்டையோட்டை எல்லாம் வேக வச்சோ ஆசிட் ஊத்தியோ தான் சுத்தம் பண்ணிருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஆனா அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியம், சிகாகோ ஃபீல்ட் மியூசியம், இங்கிலாந்தோட லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் மாதிரி பெரிய இடங்கள்ல இந்த வேலைக்குன்னே வண்டு வளர்க்கறாங்க. டெர்மெஸ்டிஸ் மாகுலேட்டஸ்னு பேரு. நாள்பட்ட கருவாட்டு மூட்டைய பிரிச்சா உள்ள ஒரு கருப்பு வண்டும், உடம்பெல்லாம் முடியா ஒரு ப்ரவுன் கலர் புழுவும் ஓடும் பாருங்க, அதே வண்டு தான். கருவாட்டு வியாபாரிக்கு பெரிய நஷ்டம், எலும்பு வேலை பண்றவங்களுக்கு இதை விட்டா ஆளே இல்ல.

ஏன் வேக வைக்கக்கூடாது? வெந்நீர்ல கொதிக்க விட்டா கறி கழண்டு வரும், உண்மை தான், ஆனா கூடவே கொழுப்பு உருகி எலும்புக்குள்ள இறங்கிடும், அப்புறம் வருஷக்கணக்கா மஞ்சளா எண்ணெய் கசிஞ்சுகிட்டே இருக்கும். பல்லு விரிசல் விடும். குட்டி மிருகமா இருந்தா மண்டை எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு இன்னும் சரியா ஒட்டியிருக்காது, அதெல்லாம் தனித்தனியா பிரிஞ்சு வந்துடும். ரொம்ப முக்கியமா மூக்கு. ஒரு மான் மண்டையோட்டை மூக்கு ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாத்தீங்கன்னா உள்ள சுருள் சுருளா அப்பளத்தை விட மெல்லிசான எலும்பு அடுக்கு தெரியும், உள்ள இழுக்கற காத்தை சூடாக்கி ஈரமாக்கறது அது தான், மோப்பம் பிடிக்கற தோலும் அந்த சுருளுங்க மேல தான் படர்ந்திருக்கு. கொதிக்க வச்சு பிரஷ் போட்டு தேய்ச்சா அது மொத்தமா நொறுங்கி போயிடும். தண்ணியில ஊற போட்டு பாக்டீரியா மூலமா அழுக வைக்கற முறையும் இருக்கு, அதுவும் நல்ல முறை தான், ஆனா நாத்தம் தாங்க முடியாது, சின்ன எலும்பும் பல்லும் கழண்டு அடியில சேந்துடும்.

வண்டோட பலமே இங்க தான். முழுசா வளர்ந்த வண்டு ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, அதுவும் கொஞ்சம் தின்னும், ஆனா பெரும்பாலான வேலைய பண்றது புழு தான். முட்டை பொரிஞ்சு வர்ற புழு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தான் இருக்கும், நரம்பு போற ஓட்டை, காதுக்குள்ள இருக்கற அறை, மூளை இருந்த இடம்னு நம்ம கருவி எதுவும் போக முடியாத எடத்துக்கெல்லாம் அது போயிடும். அஞ்சாறு தடவைக்கு மேல தோலுரிச்சு வளரும், கடைசியில கூட்டுப்புழுவாகி வண்டா மாறும், மொத்தம் 6, 7 வாரம். அதனால ஒரு நல்ல காலனியில, அதாவது ஒண்ணா வளர்க்கற வண்டுக் கூட்டத்துல, எல்லா சைஸ் புழுவும் ஒரே நேரத்துல இருக்கணும், பெருசு வெளிய இருக்கற சதைய முடிக்கும், சிறுசு உள்ள பூந்து முடிக்கும். கூட்டுப்புழுவாகற நேரத்துல கூட இருக்கற புழுங்களே அதை தின்னுடும்ங்கறதால கெட்டியான ஏதாவது ஒண்ணுல ஓட்டை போட்டு ஒளிஞ்சுக்கும், அதுக்காகவே வண்டு வளர்க்கற தொட்டிக்குள்ள தெர்மாகோல் துண்டு போட்டு வைப்பாங்க.

தலைய அப்படியே கொண்டு போய் தொட்டியில வைக்க முடியாது. தோலை உரிச்சு, கண்ணு, நாக்கு, மூளை, பெரிய சதை எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபேன் காத்துல காய வைப்பாங்க. இந்த வண்டுக்கு காஞ்ச கறி தான் பிடிக்கும், செத்த உடம்புல கூட ஈ எல்லாம் வந்து போனதுக்கு அப்புறம், காஞ்சு போன கட்டத்துல தான் இதுங்க பெரும்படையா வந்து சேரும், அந்த வரிசைய வச்சு தான் தடயவியல்காரங்க செத்து எவ்வளவு நாள் ஆச்சுன்னு கணக்கு போடறாங்க. ஈரமா வச்சா பூஞ்சை வரும், மைட்ஸ்ங்கற பொடிப்பொடி உண்ணி வரும், ஈ முட்டை போடும், காலனியே நாசமாயிடும். தொட்டி இருட்டா, 25ல இருந்து 28 டிகிரி சூட்டுல இருக்கணும், குளிர்ந்தா சோம்பலாயிடும், சூடு ஏறினா வண்டு பறக்க ஆரம்பிச்சிடும்.

காலனி பெருசா இருந்தா எலி மண்டை ஒரே நாள்ல முடிஞ்சிடும், மான் தலைக்கு கிட்டத்தட்ட ஒரு வாரம். எப்ப வெளிய எடுக்கறதுங்கறது தான் உண்மையான கைத்திறமை. சதை தீர்ந்ததும் அதுங்க நிறுத்தாது, மூட்டுல இருக்கற தசைநார், குருத்தெலும்பு, அதுவும் தீர்ந்தா மெல்லிசான எலும்பையே கடிக்க ஆரம்பிச்சிடும். ஒரு சின்ன பறவையோட முழு எலும்புக்கூடு கோர்த்த மாதிரியே வேணும்னா தசைநார் மிச்சம் இருக்கும்போதே எடுத்தாகணும், சில மணி நேரம் லேட் ஆனாலும் கையில வர்றது உதிரி எலும்பு தான்.

இதை ஒரு முறையா வளர்த்தெடுத்ததுல கான்சாஸ் யுனிவர்சிட்டி சார்லஸ் பங்கருக்கு பெரிய பங்கு உண்டு, 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல. அப்புறம் 1933ல கலிஃபோர்னியாவோட பெர்க்லி யுனிவர்சிட்டியில இருந்த ரேமண்ட் ஹாலும் வார்ட் ரஸ்ஸலும் இந்த முறைய கட்டுரையா எழுதினாங்க. ஆயிரக்கணக்குல எலி, அணில், வௌவால் மண்டைய கையாலயே சுரண்டிகிட்டிருந்த ஆளுங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிச்சு பாருங்க!

ஆபத்தும் இதே வண்டு தான். தப்பிச்சு வெளிய போச்சுன்னா பதப்படுத்தி வச்ச தோல், இறகு, ரோமம், பூச்சி கலெக்ஷன் ஒண்ணையும் விடாது, முடியில இருக்கற கெரட்டின்ங்கற கெட்டி புரதத்தை கூட செரிக்கற வயிறு அதுக்கு. அதனால வண்டு தொட்டிய கலெக்ஷன்ல இருந்து தள்ளி, இறுக்கி மூடின ரூம்லயோ தனி கட்டடத்துலயோ தான் வைப்பாங்க. புழுவோட முடி சிலருக்கு அலர்ஜி, சுவாசத்துல போனா தும்மல் மூச்சிரைப்பு வரும், மாஸ்க்கும் கிளவுஸும் கட்டாயம்.

தொட்டியில இருந்து எடுத்த மண்டைய முதல்ல ஃப்ரீசர்ல சில நாள் வச்சு ஒளிஞ்சிருக்கற புழு முட்டை எல்லாத்தையும் சாகடிக்கணும். அப்புறம் வெதுவெதுப்பான சோப்பு தண்ணியில ஊற வச்சு கொழுப்பை எடுக்கணும், தண்ணி கலங்கினா மாத்தி மாத்தி, பன்னி மண்டைன்னா மாசக்கணக்கா கூட ஆகும். வெள்ளையாக்கணும்னா ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். ப்ளீச்சிங் பவுடர், குளோரின் பக்கமே போகாதீங்க, எலும்பு காலப்போக்குல மாவு மாதிரி உதிர ஆரம்பிச்சிடும்.

நம்ம நாட்டுல இதை செஞ்சு பாக்க ஆசைப்படறவங்க ஆட்டுத்தலை, கோழித்தலை, மீன் தலையோட நிறுத்திக்கோங்க. காட்டுல கிடந்த மான் மண்டைய எடுத்துட்டு வந்தா கூட 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம்.