நிமிர்ந்து உட்கார ஓர் அறுவை சிகிச்சை

"எப்போதும் இடது கையை ஊன்றித்தான் உட்காருவான், பழகிவிட்டது" என்று பெற்றோர் சொன்னால் நான் அந்த முழங்கையைத்தான் முதலில் பார்ப்பேன். ஊன்றி ஊன்றித் தோல் தடித்துக் கறுத்திருக்கும். உடம்பு சரியாமல் தாங்குவதற்கே ஒரு கை போய்விட்டது. எழுதவும் சாப்பிடவும் சக்கர நாற்காலியை இயக்கவும் மிஞ்சியிருப்பது மற்றொரு கை மட்டுமே. இயன்முறை மருத்துவராக எனக்கு எக்ஸ்ரேயில் தெரியும் முதுகு வளைவின் கோணத்தைவிட இதுதான் பெரிய செய்தி.

பெருமூளை வாதம், டுஷேன் தசைச்சிதைவு, எஸ்.எம்.ஏ. (முதுகுத்தண்டு நரம்பணுக்கள் சிதைந்து தசைகள் நலியும் நோய்) போன்ற நோய்களில் முதுகெலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தங்கள் வேலையைச் செய்வதில்லை. அதனால் முதுகு நீண்ட ஒரே வளைவாகச் சாய்கிறது. அந்தச் சாய்வு இடுப்பெலும்பையும் தூக்கிவிடுகிறது. உடலின் எடை முழுவதும் ஒரு பக்கப் பிட்டத்தில் இறங்கி அங்கே புண் வருகிறது. சிலருக்கு விலா எலும்பு இடுப்பெலும்பில் உரசி வலிக்கிறது. பேச முடியாத குழந்தை அந்த வலியை அழுகையாகவும் தூக்கமின்மையாகவும்தான் காட்டும். இந்த வகை வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் கூடிக்கொண்டே போகக்கூடியது. இடுப்புக்கு மேல் மாட்டும் பிரேஸ் உட்கார உதவும். ஆனால் அது வளைவை நிறுத்திவிடும் என்று நம்பி ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள்.

வளைவு 50 பாகையை நெருங்கும்போது முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். டுஷேன் உள்ள பையன்களுக்கு அதற்கு முன்னரே பேசுவார்கள். ஏனென்றால் அவர்களுடைய நுரையீரலும் இதயமும் ஆண்டுக்கு ஆண்டு தளர்கின்றன. இன்று தாங்கக்கூடிய மயக்க மருந்தை இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாங்க முடியாமல் போகலாம். வளர்ச்சி நிறைய மீதமிருக்கும் சிறு குழந்தைகளுக்கு, வளர வளர நீட்டக்கூடிய கம்பிகளைப் பொருத்தி முழு இணைப்பைத் தள்ளிப்போடுவது உண்டு.

மேல் முதுகிலிருந்து பெரும்பாலும் இடுப்பெலும்பு வரை திருகாணிகளைப் பதித்து, இரண்டு உலோகக் கம்பிகளால் முதுகை நிமிர்த்தி, எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். அது ஒரே எலும்பாக இறுகப் பல மாதங்கள் ஆகும். பல மணி நேர வேலை, இரத்த இழப்பும் அதிகம். நிமோனியா என்னும் நுரையீரல் தொற்று, காயத்தில் கிருமித்தொற்று போன்ற சிக்கல்கள், இதே சிகிச்சை பெறும் மற்றபடி ஆரோக்கியமான வளரிளம் பிள்ளைகளைவிட இவர்களுக்குக் கூடுதலாகவே வருகின்றன. இதை மறைத்துச் சொல்லும் மருத்துவரைவிட, உட்கார வைத்து விளக்குபவரை நம்புங்கள். இந்தச் சிகிச்சை அடிப்படை நோயைத் தொடுவதில்லை, நடையைத் திருப்பித் தருவதும் இல்லை.

தயாரிப்புக்கு மாதங்கள் வேண்டும். நுரையீரல், இதயப் பரிசோதனைகள், தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்ற ஆய்வு, எடையையும் சத்தையும் தேற்றுவது எல்லாம் இதில் அடங்கும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும், அது இரத்தக்கசிவைக் கூட்டலாம். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டுஷேன் என்றால் மயக்க மருந்து நிபுணருக்கு முன்பே தெரிய வேண்டும், சில மயக்க மருந்துகள் அவர்களுக்கு உயிராபத்து. மூச்சுவிட உதவும் பைபாப் கருவி தேவைப்படும் என்றால் முகக்கவசத்தை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் முதன்முதலாக மாட்டினால் பிள்ளை மிரண்டுவிடுவான்.

பலரும் சொல்ல மறக்கும் ஒன்றை இங்கே விரித்துச் சொல்கிறேன். தோள் வலுவிழந்த பையன் சாப்பிடுவதைக் கூர்ந்து பாருங்கள். கையை வாய்க்குத் தூக்க மாட்டான். மேசையில் முழங்கையை வைத்து, முதுகைக் குனிந்து வாயைக் கரண்டிக்குக் கொண்டுவருவான். முதுகு இணைந்த பிறகு அந்தக் குனிதல் இருக்காது. அதுவரை தானாகச் சாப்பிட்டவன் மறுபடி ஊட்டிவிடும் நிலைக்கு வந்தால் அவனுக்கு எவ்வளவு வலிக்கும்! எனவே முன்கூட்டியே ஒரு நாள் அவனை நேராகச் சாய்த்து உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லிப் பார்ப்பேன். முடியவில்லை என்றால் மேசையை உயர்த்துவது, முன்கையைத் தாங்கும் கருவி பொருத்துவது என்று அப்போதே தொடங்கிவிடலாம். அவனிடமும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பதினான்கு வயதுப் பையன் தன் கையைப் பற்றிய முடிவில் கலந்துகொள்ளத் தகுதியானவன். எல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அதையும் மதித்துப் பேச வேண்டும்.

எஸ்.எம்.ஏ. உள்ளவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. இந்நோய்க்கான நுசினெர்சென் மருந்தை முதுகுத்தண்டு வழியாகத்தான் செலுத்துகிறார்கள். முதுகு முழுவதையும் எலும்பு மூடிவிட்டால் ஊசிக்கு வழி கடினமாகும். கீழ்முதுகில் ஓர் இடைவெளி விடமுடியுமா என்று அறுவை நிபுணரிடம் முன்பே கேளுங்கள்.

வீடு திரும்பிய பின் வாந்தி தொடர்ந்தால், குறிப்பாக மெலிந்த பிள்ளைகளுக்கு, வெறும் அஜீரணம் என்று விடாதீர்கள். முதுகு நிமிரும்போது சிறுகுடலின் தொடக்கப் பகுதி இரத்தக் குழாயால் அழுத்தப்படலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இனி பிள்ளையைப் படுக்கையில் உருட்டித் திருப்புவது எப்படி, தூக்குவது எப்படி என்று மருத்துவமனையிலேயே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியும் பழைய அளவில் பொருந்தாது. உட்காரும் உயரம் கூடியிருக்கும், தலைத்தாங்கியும் கைத்தாங்கியும் தாழ்ந்துபோயிருக்கும், வளைந்த முதுகுக்காகச் செய்த மெத்தை இப்போது தவறான இடத்தில் குத்தும். அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே இருக்கையை மாற்றியமைப்பவரிடமும் நாள் வாங்கிவிடுங்கள்.