நோய் இல்லாதவரின் நகம் எதற்கு?

"எனக்கு மார்பகப் புற்றுநோய் இல்லை. என் அக்காவுக்குத்தான் வந்தது. ஆராய்ச்சிக்கு என்னை ஏன் கூப்பிடுகிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான்.

புது மருந்தைச் சோதிக்க நோயாளிகள் வேண்டும். அதை விளக்கத் தேவையில்லை. நோய் ஏன் வந்தது என்று தேடும்போதுதான் சிக்கல். நோய் வந்த பெண்ணிடம் "பத்து ஆண்டுகளுக்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், தலைமுடிக்கு என்ன சாயம் பூசினீர்கள்?" என்று கேட்டால், 'எனக்கு ஏன் வந்தது' என்று ஏற்கெனவே பல இரவுகள் மனத்தைக் குடைந்தவர், ஒவ்வொன்றாக நினைவுகூர்வார். நோய் இல்லாதவரோ "ஞாபகம் இல்லையே" என்று முடித்துக்கொள்வார். இரண்டு பதில்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரத்தத்தையும் நம்ப முடியாது. சிகிச்சை அதிலுள்ள ஹார்மோன் அளவுகளையே மாற்றிவிடும். ஆகவே ஆரோக்கியமாக இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டு, எடுக்க வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும்.

எத்தனை பேரைச் சேர்த்தாலும், பின்னாளில் அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆய்வுக்குப் பலம். ரத்த சகோதரிக்கு இந்த நோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் ஒரு லட்சம் பெண்களைத் திரட்டிப் பெற வேண்டிய விடையைச் சுமார் ஐம்பதாயிரம் சகோதரிகளிடமே பெற்றுவிடலாம்! அமெரிக்க அரசின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு நிறுவனம் தொடங்கிய 'சிஸ்டர் ஸ்டடி' இதைத்தான் செய்தது. 2003 முதல் 2009 வரை, 35 வயதிலிருந்து 74 வயது வரையிலான 50,884 பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கும் அப்போது மார்பகப் புற்றுநோய் இல்லை. எல்லோருடைய சகோதரிக்கும் வந்திருந்தது. மகள்களைச் சேர்த்திருக்கலாமே என்றால், அவர்களில் பலர் இளம் வயதினர். பல பத்தாண்டுகள் காத்திருக்க நேரும்.

ரத்தம், சிறுநீர், வீட்டுத் தூசு ஆகியவற்றோடு கால் நகத் துண்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நகம்தான். நகம் வளரும்போது உடலில் ஓடும் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருட்கள் அதன் கெரட்டின் புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கால் நகம் மிக மெதுவாக வளர்வதால், இன்று வெட்டும் நுனி பல மாதங்களுக்கு முன்பு உருவானது. ரத்தத்திலிருந்து ஆர்சனிக் சீக்கிரமே வெளியேறிவிடும். நகத்தில் அது தங்கிவிடும். ரத்தத்தைக் கடுங்குளிரில் உறைய வைத்துக் காக்க வேண்டும், நகத்துக்கு ஒரு காகித உறை போதும்.

சேர்த்ததையெல்லாம் உடனே சோதிப்பதும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து நோய் வந்தவர்களின் மாதிரியையும், வராதவர்களில் தேர்ந்தெடுத்த சிலருடையதையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டால் போதும். சேரும்போதே கேட்டு வைத்த பதில்களும் இப்படித்தான் பயன்படுகின்றன. நிரந்தரத் தலைச்சாயம் பூசியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்று 2019இல் இந்த ஆய்வு சொன்னது. கறுப்பினப் பெண்களிடம் அது 45 சதவீதம். இது தொடர்பு மட்டுமே. சாயம்தான் காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை.

மூன்று நான்கு ஆண்டுகளில் முடிவைக் காட்டு என்று கேட்கும் நிதிக் குழுக்களுக்கு இப்படிக் காத்திருக்கும் வேலை கசக்கிறது. அவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். நோயின் பெயரைச் சொன்னாலே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிப் படிவத்தைத் தொடாதவர்கள் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை.

வாசகிக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட ஆய்வில் சேர்வதால் உங்களுக்கு நோய் வராமல் தடுக்கப்படாது. மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மாமோகிராம் சோதனைக்கு இது மாற்றும் அல்ல. கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுகளுக்குக் கொடுப்பார்களா, நடுவில் விலகினால் அதை என்ன செய்வார்கள்? விலகும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை.