சுருதி: ஒரு சொல்லும் அதன் பல வேலைகளும்

கச்சேரி தொடங்குமுன் மேடையில் நடக்கும் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். "தம்புரா சுருதி சேரலை, பஞ்சமத்தைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார் பாடகர். "உங்க சுருதி என்ன, ஒண்ணா ஒண்ணரையா?" என்று மிருதங்கக்காரர் கேட்பார். இசை வகுப்புக்குப் போனாலோ, "ஒரு ஸ்தாயிக்கு இருபத்திரண்டு சுருதி" என்று பாடம் நடக்கும்; ஒரு ச முதல் அடுத்த ச வரையான அடுக்குதான் ஸ்தாயி. சொல் ஒன்றுதான். ஆனால் மேடையில் கேட்ட இரண்டும் ஒன்றல்ல, வகுப்பில் கேட்டது அந்த இரண்டுமே அல்ல. பாட்டுக் கற்க வருகிறவர்கள் முதலில் குழம்பும் இடம் இது. நானும் பல மாதம் குழம்பியிருக்கிறேன்.

வடமொழியில் 'ச்ரு' என்ற வினைக்குக் கேட்டல் என்று பொருள். கேட்கப்படுவது சுருதி. ஆசான் ஓத மாணவன் காதால் கேட்டு நெஞ்சில் இருத்திக்கொண்டதால் வேதத்துக்கும் அதே பெயர் வந்தது. பேச்சு வழக்கில் அது 'சுதி' என்று தேய்ந்தது. தமிழில் இதற்கு நேரான சொல் கேள்வி. அதுவும் 'கேள்' என்ற வினையிலிருந்து பிறந்ததே; பழந்தமிழில் அதுவும் வேதத்தைக் குறித்திருக்கிறது, இசையையும் குறித்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 'ஈரேழ் தொடுத்த செம்முறைக் கேள்வியின்' என்று ஓர் அடி வருகிறது. பதினான்கு நரம்பு தொடுத்த யாழைத்தான் இளங்கோவடிகள் அங்கே கேள்வி என்கிறார்.

அப்படியானால் சுருதி வரும் இடமெல்லாம் கேள்வி என்று மாற்றி எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். இன்று கேள்வி என்றால் வினா என்றே காதில் விழும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுருதி இன்று செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒன்றை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

வகுப்பறைச் சுருதியை முதலில் பார்ப்போம். இரண்டு சுரங்களுக்கு இடையே காது பிரித்தறியும் நுண்ணிய அளவு அது. இதற்குத் தமிழ்ப் பெயர் அலகு. மாத்திரை என்றும் உரைகளில் வரும். ச முதல் நி வரையான ஏழு சுரங்களை அவற்றின் பழந்தமிழ்ப் பெயர்களால் சுட்டி, குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்று ஒரு பழைய வெண்பா பங்கிடுகிறது. கூட்டினால் 22. இந்தக் கணக்கை எல்லோரும் ஒப்பவில்லை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், 24 என்பதே சரி என்று நூலெங்கும் வாதாடினார். எந்தப் பக்கம் நின்றாலும் எண்ணப்படும் பொருள் அலகு. அதைச் சுருதி என்று அழைப்பதை விட்டாலே பாதித் தலைவலி தீரும்.

"ஒண்ணா, ஒண்ணரையா" என்பது வேறு. பாடகர் எந்த உயரத்தில் நின்று பாடப்போகிறார் என்பதைப் பற்றிய கேள்வி அது. இதற்கு எந்தப் புலவரும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மேடையிலேயே 'கட்டை' என்ற சொல் பிறந்துவிட்டது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிவந்ததால் ஏற்பட்ட பெயர். நடுவில் வரும் கறுப்புக் கட்டை அரை. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு, மூன்றரை கிடையாது. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காம் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே கறுப்பு இல்லை என்பதே காரணம். ஏழுக்கு அடுத்த எட்டு, மறுபடி ஒன்றுதான், ஒரு ஸ்தாயி மேலே. 'எட்டுக்கட்டைக் குரல்' என்று ஊரார் வியப்பது அதனால்தான்.

தம்புராவும் சுருதிப்பெட்டியும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றனவே, அந்த ஒலிக்கும் சுருதி என்றே பெயர். நாகசுரக்காரர்களிடம் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: ஒத்து. நாகசுரத்தைப் போன்ற வடிவம்தான், ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. ஒரே சுரத்தை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே இருப்பது ஒத்துக்காரரின் வேலை. 'ஒத்து ஊதுகிறான்' என்று இன்று இழிவாகச் சொல்கிறோம். அந்த ஒரு சுரம் அசையாமல் நின்றால்தான் பக்கத்தில் நிற்பவர் ராகத்தில் எங்கே போனாலும் திரும்பி வர முடியும். வசவாகிப்போன இந்தச் சொல்லை இசை எழுதுகிறவர்களாவது மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மிச்சமிருப்பது ஆதார சுருதி, அதாவது ச எனும் சட்சமாகக் கொள்ளும் சுரம். இதற்குத் தமிழ்ச் சொல் குரல். மிடற்றோசையைச் சொல்லும் குரல் இல்லை இது, ஏழு சுரங்களில் முதலாவதன் பெயர். பழைய இசைநூல் வழக்கில் 'உழை குரலாக', 'இளி குரலாக' என்ற தொடர்கள் வரும். நான்காம் சுரமான உழையைச் சட்சமாக வைத்துக்கொண்டு அதே நரம்புகளை மீட்டு என்று பொருள். பழந்தமிழ் இசையில் பாலை என்பது ஏழு சுரங்களின் ஓர் அடுக்கு; அவற்றில் ஒன்றான செம்பாலையை இன்றைய அரிகாம்போதி ராகம் என்று இசை ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். அரிகாம்போதியைப் பாடிக்கொண்டே மத்திமத்தை, அதாவது உழையை, சட்சமாக எண்ணிப் பாருங்கள், சங்கராபரணம் எழும், அதுவே அரும்பாலை. பஞ்சமத்தை அப்படி வைத்தால் கரகரப்பிரியா, கோடிப்பாலை. தைவதத்தை வைத்தால் தோடி, விளரிப்பாலை. இன்று 'சுருதி பேதம்' என்று அரங்கில் கைதட்டல் வாங்கும் வித்தையை நம் முன்னோர் 'குரலாக' என்ற ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள்.

ஸ்தாயிக்கு மெலிவு, சமன், வலிவு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. கீழ், நடு, மேல் என்ற வரிசை அது. இவை விளக்கம் இல்லாமலே புரியும்.

'சுருதி சேர்த்தல்' என்ற வினைக்குச் சிலப்பதிகாரத்திலேயே பெயர் உண்டு. கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியதும் 'பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல்' என்று தொடங்கி எட்டுத் தொழில்கள் அடுக்கப்படுகின்றன. முதலாவது பண்ணல். பாட நினைத்த பண்ணுக்கு வேண்டிய நரம்புகளை அளவறிந்து முறுக்கிக் கட்டுவது அது. பண்ணுக்கு அந்தப் பெயர் வந்ததும் பண்ணுதலால்தான் என்கிறது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை: நெஞ்சு, மிடறு, நாக்கு முதலான எட்டு இடங்களிலிருந்து எடுத்தல், படுத்தல் முதலான எட்டுத் தொழில்களால் பண்ணப்படுவது பண். தம்புராவின் நரம்பை முறுக்கும் பிருடையைத் திருகும்போது பாடகர் செய்வது பண்ணல். பிறகு வாய் திறந்து அவர் பாடுவது பண்.