கையைத் தூக்கினால் தோளும் ஏறத்தான் செய்யும்

"கைகளை மேலே தூக்குங்க. தோள்களைக் காதை விட்டு விலக்கிக் கீழே இறக்குங்க." யோகா வகுப்புகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், செய்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். தோள் மூட்டுதான் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

கை தலைக்கு மேலே போக ஏறக்குறைய 180 டிகிரி நகர வேண்டும். அதில் சுமார் 120 டிகிரிதான் மேல்கை எலும்பு தோள் குழிக்குள் சுழல்வதால் கிடைக்கிறது. மீதி 60 டிகிரியைத் தருவது, முதுகில் விலா எலும்புகளின் மேல் வழுக்கி நகரும் தோள்பட்டை எலும்பு. இரண்டுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை இன்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1944-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் இது சற்று மாறும், ஆனால் தோள்பட்டை எலும்பு நகராமல் யாருக்கும் கை முழுதாக ஏறாது.

சந்தேகமிருந்தால் வலது கையை இடது அக்குளுக்கு அடியில் கொடுத்து, இடது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தொட்டுக்கொள்ளுங்கள். இடது கையை மெல்ல உயர்த்தினால் அந்த முனை வெளிப்பக்கமாகத் திரும்பி விலாவைச் சுற்றி முன்னே வருவது விரலுக்குத் தெரியும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசையும் விலாவை ஒட்டிய செரேட்டஸ் தசையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இப்போது தோளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கிப் பாருங்கள். கை பாதியிலேயே திணறும். எப்படியாவது மேலே கொண்டுபோக வேண்டும் என்று கீழ்முதுகு வளையும், விலா முன்னே தள்ளும். உடனே அடுத்த கட்டளை வரும்: "விலாவை உள்ளே இழுங்க!" முதல் கட்டளை உண்டாக்கிய சிக்கலுக்கு இரண்டாவது கட்டளை வைத்தியம் பார்க்கிறது.

தோளைக் காதுவரை இறுக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் குறிப்பு உதவியிருக்கும். அதை வகுப்பு முழுவதற்கும் சொல்லும்போதுதான் அது விதியாகிவிடுகிறது.

இடுப்பில் விஷயம் இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே தடுப்பது பல நேரம் தசையல்ல, எலும்பு. தொடை எலும்பின் கழுத்து சற்று முன்னோக்கி முறுகியிருக்கும். பிறக்கும்போது 30, 40 டிகிரி இருக்கும் அந்த முறுக்கு, வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 15 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சராசரி என்றால் சராசரிதான்: சிலருக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சிலருக்கு 30-ஐத் தாண்டும். முறுக்கு குறைந்தவருக்குத் தொடை வெளிப்பக்கம் சுலபமாகத் திரும்பும், பத்மாசனமும் பெரிய பாடாக இருக்காது. முறுக்கு அதிகமுள்ளவர் எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் எலும்பின் வடிவம் மாறாது. அவரைப் பிடித்து அழுத்தினால் இடுப்பு தராத சுழற்சியை முழங்கால்தான் தர வேண்டியிருக்கும். அந்த மூட்டோ முக்கியமாக மடக்கி நீட்டுவதற்கென்று அமைந்தது. நிற்கும்போது "பாதங்கள் இணையாக" என்று சொல்வதும் இதே கதைதான்: பாதம் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதிலும் இந்த முறுக்குக்குப் பங்கு உண்டு.

முழங்காலை மடக்கும்போது அது கால்விரல் நுனியைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி. பளு தூக்கி உட்கார்ந்து எழுபவர்களிடம் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தது. பலகை வைத்து முழங்காலைத் தடுத்ததும் முழங்காலில் விழும் திருப்புவிசை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்தது, ஆனால் இடுப்பில் அது பத்து மடங்குக்கு மேல் கூடியது. உடலும் அதிகமாக முன்னே சாய்ந்தது. சுமை எங்கும் போய்விடவில்லை, இடம் மாறிக்கொண்டது.

அப்படியானால் ஆசிரியர் என்னதான் சொல்வது? 1998-ல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர், பனிச்சறுக்கைப் போல அசையும் பயிற்சிக் கருவி ஒன்றில் ஆட்களைப் பழக்கினார்கள். பாதத்தைக் கவனித்து அழுத்தியவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களைக் கவனித்து அழுத்தியவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். உடல் உறுப்பைவிட, அது செய்ய வேண்டிய வேலையில் மனம் இருந்தால் அசைவு சீராக வருகிறது என்று பின்னால் வந்த பல ஆய்வுகளும் காட்டின. "கூரையைத் தொடப் பாருங்க" என்றால் போதும், தோள்பட்டை எலும்பு தன் பாட்டுக்குப் போய்விடும்.

இதற்காக எல்லாக் குறிப்புகளையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. சிரசாசனத்தில் கழுத்தின் மேல் எடை இறங்குகிறது, எலும்பு அடர்த்தி குறைந்தவர் முதுகை ஆழமாக வளைத்துக் குனிகிறார் என்றால் அங்கே நான் கண்டிப்பான ஆசிரியரின் பக்கம். மற்றபடி "எங்கே பிடிக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பத்மாசனத்தில் பிட்டத்தின் வெளிப்பக்கம் இழுத்தால் சரி, அப்படியே இருக்கட்டும். இடுப்பின் முன்பக்கம் எதிலோ இடித்து நிற்பதுபோல இருந்தால் அதுதான் அவருடைய எல்லை. முழங்காலுக்குள் சுருக்கென்றால் காலை உடனே எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.