டாக் சீலுக்குத் தமிழில் என்ன பெயர்?

இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு குளிர்பதனக் கிடங்கின் வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு ‘சீல்’ இருக்கும். ஒன்று, கன்டெய்னர் கதவில் மாட்டும் இரும்பு ஆணி. அதில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். அதே எண் ஏற்றுமதி ஆவணத்திலும் ஏறும். பெரிய கட்டர் வைத்து வெட்டினால்தான் அது கழலும். இன்னொன்று, கிடங்கு வாசலின் இடம், வலம், மேல் என மூன்று பக்கமும் பொருத்திய தடித்த கறுப்பு மெத்தை. லாரி பின்பக்கமாக வந்து அதில் அழுந்தி நிற்கும். இரண்டாவதன் முழுப் பெயர் டாக் சீல்.

முதலாவதை முத்திரை என்றால் பொருந்தும். இரண்டாவதையும் அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘துறை முத்திரை’ என்று வந்து நிற்கும். படிப்பவருக்கு ஏதோ ஓர் அரசுத் துறையின் ரப்பர் ஸ்டாம்ப்தான் நினைவுக்கு வரும். மழையும் காற்றும் புகாமல் தடுக்கும் ‘வெதர் சீல்’ என்பதை ‘வானிலை முத்திரை’ ஆக்கினால் இன்னும் மோசம்.

சரி, பெயருக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம்.

சரக்குக் கிடங்கின் தளம் வெளி முற்றத்தைவிட ஏறக்குறைய 4 அடி உயரமாக இருக்கும். லாரியின் தளமும் அந்த உயரத்துக்கு வருவதால், சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி கிடங்கிலிருந்து நேராக லாரிக்குள் போய்வரலாம். ஆனால் லாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்த முடியாது, சுவர் உடையும். அதனால் வாசலுக்குக் கீழே இரண்டு கனமான ரப்பர் பம்பர்கள் இருக்கும். லாரி அவற்றில் முட்டி நிற்கும்போது சுவருக்கும் லாரிக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி விழுகிறது. வாசலும் லாரியைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தால் சுற்றிலும் திறந்தவெளிதான். மழைச்சாரல், தூசி, ஈ, எலி எல்லாம் அந்த வழியாக வரும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். உண்மையான செலவு வைப்பது கண்ணுக்குத் தெரியாத நீராவி.

கடலோர ஊரில் ஒரு மாலை நேரம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று 5 டிகிரியில் இருக்கும், சரக்கு ஏற்றும் அறைக்குள் நுழைந்தால், அந்தக் குளிரில் அதனால் 7 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்க முடியும். மீதி தரையில் ஈரமாகவும் கூரையில் சொட்டாகவும் இறங்கும். அதற்கும் உள்ளே, உறைந்த சரக்கு வைக்கும் மைனஸ் 18 டிகிரி அறைக்குப் போனால் 1 கிராம்தான் தங்கும். மற்றதெல்லாம் குளிரூட்டியின் குழாய்களில் உறைபனியாகப் படியும். பனி படிந்த குழாய் குளிரைச் சரியாகக் கடத்தாது. அதை உருக்க மின்சாரம் வேண்டும். உருக்கும் நேரத்தில் குளிர்ப்பும் நின்றுபோகும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் திறந்த வாசலின் அடிப்பகுதி வழியாக வெளியே வழிந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப, மேல்பக்கமாக வெப்பக் காற்று உள்ளே ஏறும். ஆகவே லாரி நிற்கும் அரைமணி நேரமும் அந்த இடுக்கில் ஒரு சுற்றோட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. அதை நிறுத்துவதுதான் அந்தக் கறுப்பு மெத்தையின் வேலை.

இனி சொல்லுக்கு வருவோம். ‘டாக்’ ஆங்கிலத்துக்கு டச்சுப் பக்கத்திலிருந்து வந்த சொல். அதற்கு முன் அது எங்கிருந்தது என்பதில் சொற்பிறப்பு ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முதலில் அது குறித்தது மேடையை அல்ல, பள்ளத்தை. கடல்நீர் உள்வாங்கும்போது சேற்றில் அமர்ந்த கப்பல் தன் உடம்பால் உண்டாக்கும் குழி அது. பிறகு கப்பல் வந்து நிற்கும் வெட்டிய நீர்நிலை, அப்புறம் அதன் கரை மேடை, அமெரிக்காவில் ரயிலுக்கும் லாரிக்கும் சரக்கு ஏற்றும் மேடை என்று பொருள் நகர்ந்தது. பிரிட்டனில் இதே இடத்தை ‘லோடிங் பே’ என்கிறார்கள். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டுக்கும் ஆங்கிலத்தில் டாக் என்றுதான் பெயர். ஆனால் அது முயல்கூண்டைக் குறிக்கும் ஃபிளெமிஷ் சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் உறவில்லை.

பள்ளம் மேடான கதை நம்மிடமும் உண்டு. பழந்தமிழில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. இன்றைக்கு அது சரக்கு வைக்கும் கட்டடம். ‘குடோன்’ என்று நாம் ஆங்கிலமாக நினைத்துச் சொல்லும் சொல்கூட, மலாய் மொழியின் ‘குடங்’ வழியாகத் தமிழின் கிடங்குக்கோ தெலுங்கின் கிட்டங்கிக்கோ திரும்பிவருகிறது என்பது அகராதிக்காரர்கள் பலர் ஏற்கும் கருத்து. குடோன் என்று எழுதக் கூசுகிறவர்கள் அவ்வளவு கூச வேண்டியதில்லை.

‘சீல்’ லத்தீன் வழி வந்தது. அடையாளத்தைக் குறிக்கும் ‘சிக்னும்’, அதிலிருந்து சின்ன அடையாளமாகிய ‘சிகில்லும்’, அது பழைய பிரெஞ்சில் ‘சேல்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போயிற்று. மடித்த கடிதத்தின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி அதில் மோதிரத்தை அழுத்தினால் அடையாளமும் பதியும், மடிப்பும் ஒட்டிக்கொள்ளும். ஒரே செயலில் இரண்டு பயன். ஆங்கிலத்தில் இரண்டாவது பயன் தனிப்பொருளாக வளர்ந்து, காற்றும் நீரும் புகாமல் அடைப்பதெல்லாம் சீல் ஆயிற்று. தமிழில் முத்திரை என்ற சொல் அந்த வழியில் போகவே இல்லை. அது அடையாளத்தோடு நின்றுவிட்டது; தபால் முத்திரை, நாட்டிய முத்திரை, ‘தன் முத்திரையைப் பதித்தார்’ என எல்லாமே பதிவும் அடையாளமும்தான். அடைத்தல் என்ற பொருள் அதற்குள் எங்கும் இல்லை. எனவே இங்கே முத்திரையை விட்டுவிட வேண்டும்.

அடைத்தல்தான் பொருள் என்றால் ‘அடைப்பு’ என்று சொல்லலாமே என்று தோன்றும். குழாயில் அடைப்பு, இதயத்தில் அடைப்பு என்று அந்தச் சொல் கோளாறைக் குறித்தே பழகிவிட்டது. ‘டாக்கில் அடைப்பு’ என்றால் லாரிகள் நெரிசலில் நிற்கின்றன என்று நினைப்பார்கள். ‘அடைப்பான்’ என்று கருவிப் பெயராக்கினால் கால்நடை மருத்துவர்கள் திடுக்கிடுவார்கள். ஆந்த்ராக்ஸ் நோய்க்குத் தமிழில் அடைப்பான் என்றுதான் பெயர். ‘கசிவுத்தடுப்பு’ பொருளளவில் சரி. எண்ணெய்க் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாரி வந்து அழுந்தும் மெத்தை அதில் தெரியவில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘அணை’.

கல்லணையில் வரும் அணை, ஓடுவதைத் தடுத்து நிறுத்துவது. தலையணையிலும் பஞ்சணையிலும் வரும் அணை, மெத்தென்று அழுந்தும் பொருள். ‘கப்பல் கரையை அணைந்தது’ என்பதில் வரும் அணைதல், வந்து ஒட்டி நிற்பது. டாக் சீல் இந்த மூன்றையும் ஒருசேரச் செய்கிறது: லாரி அணைகிறது, மெத்தை அழுந்துகிறது, காற்று தடைபடுகிறது. புதிதாக ஒட்டுப்போட்டு ஒரு சொல்லை உருவாக்க வேண்டிய தேவையே இல்லை. விளக்கை அணைப்பது என்ற நான்காவது பொருள் இடையூறு செய்யாதா என்றால், பெயர்ச்சொல்லாக வரும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்ப்பதில்லை.

முன்னொட்டாகத் துறையைச் சேர்க்கலாமா? துறை அழகான சொல்தான். மயிலாடுதுறை, பருத்தித்துறை என ஊர்ப்பெயர்களில் நீரோடு வாழ்கிறது. ஆனால் லாரி நிற்கும் இடத்தில் நீர் இல்லை. ‘மேடையணை’ என்றால் கல்யாண மேடை நினைவுக்கு வரும். ஜெர்மன் மொழிக்காரர்கள் இதற்கு ‘தோர்அப்டிஷ்டுங்’ என்கிறார்கள். தோர் என்றால் வாயில். அதாவது வாயிலைக் காற்றுப் புகாமல் அடைப்பது. அவர்கள் கப்பலை மறந்துவிட்டு, கண்முன் இருக்கும் கதவைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்: சரக்கு வாசலில் இருப்பது வாசலணை.

இதன் உள்ளே இருப்பது பாலியூரிதேன் நுரை. மேலே வினைல் பூசிய கெட்டித் துணி. லாரி உரசும் முகப்பில் அதே துணியை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைத்திருப்பார்கள். உராய்வில் தேயும் இடம் அது. மெத்தை சுமார் 10 சென்டிமீட்டர் அழுந்தினால் போதும். அதற்கு மேல் அழுந்தவிடாமல் பம்பர் தடுக்கும். பம்பர் தேய்ந்து மெலிந்தால் அடி முழுவதும் மெத்தைக்குப் போகும். மெத்தை சீக்கிரம் கிழிகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பம்பரைப் பார்க்க வேண்டும். இன்னொரு பகை, ஏற்றும்போது லாரி ஆடுவது. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகும்போதெல்லாம் லாரியின் பின்பக்கம் தாழும், வெளியே வந்ததும் எழும். ஒவ்வொரு தடவையும் மெத்தை தேய்படும். முற்றம் வாசலை நோக்கிச் சரிந்திருந்தால் லாரியின் மேல்முனை கீழ்முனைக்கு முன்பே சுவரை எட்டிவிடும். அதற்கேற்ப மெத்தையைச் சாய்வாக வெட்டித்தான் தர வேண்டும்.

வாசலணையின் குறை, வண்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பது. கப்பல் கன்டெய்னர் 8 அடி அகலம். உயரம் எட்டரை அடி, அல்லது ஒன்பதரை. அமெரிக்க டிரெய்லர் எட்டரை அடி அகலம் வரை போகும். அளவு இப்படிக் கலந்துவரும் இடத்துக்கு ‘டாக் ஷெல்டர்’ வைப்பார்கள். சுவரிலிருந்து முன்னால் நீட்டிய ஒரு சட்டகம், அதில் பக்கவாட்டிலும் மேலும் தொங்கும் கெட்டித் திரைகள். லாரி அந்தத் திரைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையும். அவை அதன் விலாவையும் கூரையையும் தழுவி நிற்கும். லாரியின் பின்வாய் மறையாது என்பதால் கடைசி வரிசைப் பெட்டியைக்கூடச் சிரமமின்றி எடுக்கலாம். ஆனால் மெத்தை அளவுக்கு இறுக்கம் இராது. ஷெல்டர் என்ற ஆங்கிலச் சொல்லே, கேடயங்களை அடுக்கி நின்ற பழைய படை அணியின் பெயர் திரிந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. தமிழில் இதைப் புகலிடம் என்று எழுதினால் அகதி முகாம் ஆகிவிடும். வாசல்திரை என்றால் வீட்டுக் கதவுத் துணி ஞாபகம் வரும். எனவே ‘சரக்கு வாசல் திரை’ என்று மூன்று சொல்லாகவே எழுதிவிடலாம். நீளத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது வகை, லாரி நின்றபின் மின்விசிறியால் காற்று நிரப்பி அதைச் சுற்றி உப்பவைக்கும் பைகள். குளிர்பதனக் கிடங்குகளில் விரும்பப்படுவது. காற்றணை என்றால் உடனே விளங்கும். மின்சாரம் போனால் தொய்ந்துவிடும் என்பதும் அந்தப் பெயரிலேயே விளங்கும்!

கயிறு போட்டுத் தார்ப்பாய் மூடிய திறந்த லாரிகளே பெரும்பாலும் வரும் கிடங்குக்கு இவற்றில் எதுவும் பயன்படாது. மூடிய பின்முகம் உள்ள வண்டி இருந்தால்தான் அணைக்கு அழுந்த ஓர் இடம் கிடைக்கும்.

மூன்று பக்கம் என்று சொல்லிவந்தேன். நான்காவது பக்கமும் உண்டு. லாரித் தளத்துக்கும் கிடங்குத் தளத்துக்கும் பாலமாக ஏறி இறங்கும் இரும்புத் தகட்டை ‘டாக் லெவலர்’ என்பார்கள். மட்டப்பலகை எனலாம். அதன் கீழே இருக்கும் குழியும் ஓரங்களும் பல கிடங்குகளில் கவனிக்கப்படாமல் திறந்தே கிடக்கும். கனமான குளிர்காற்று வழிந்தோடுவது முக்கியமாக அந்த வழியில்தான். அங்கே ஒட்டும் ரப்பர் பட்டைக்கு அடியணை என்று பெயர் வைக்கலாம்.

கன்டெய்னரின் இரட்டைக் கதவை லாரி பின்வாங்கும் முன்பே திறந்து விலாவோடு மடக்கிக் கொக்கியிட வேண்டும். நின்றபின் திறக்க இடம் இருக்காது. இதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையை இப்படி எழுதலாம்: ‘முதலில் சீல் எண்ணைக் காட்டவும். கதவைத் திறந்து கொக்கியிடவும். பிறகு வாசலணையில் மெதுவாக அணையவும்.’