பிஎம்ஐ 22.3: ஒரே எண், இரண்டு உடல்கள்

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்று வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடல்களையே அதில் ஒப்பிட்டிருந்தார்கள். உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பிஎம்ஐ எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

கணக்கு எளியது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவருக்கு 65ஐ 2.72ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23.9 கிடைக்கும். உயரத்தை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. நெட்டையான மனிதர் குட்டையான மனிதரின் பெரிதாக்கப்பட்ட அச்சாகவே இருந்தால், எடை உயரத்தின் கனத்திற்கு ஏற்பக் கூட வேண்டும். ஆனால், உயரம் கூடும் அளவுக்கு உடலின் அகலமும் தடிமனும் கூடுவதில்லை. வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே செல்வதை 1830களில் கண்டு சொன்னவர் பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே. அவர் தேடியது ‘சராசரி மனிதனை’, நோயாளியை அல்ல. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இந்த விகிதத்திற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோதும், மக்கள் கூட்டங்களை ஒப்பிடுவதற்கான கருவியாகவே அதை முன்வைத்தார்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகளின்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் உடற்பருமன். அதே பிஎம்ஐயிலும் உடல் கொழுப்பு மிகுந்திருக்கும் இந்தியர்களுக்கு இவை தாராளமானவை. ஆகவே, 2009இல் வெளியான வழிகாட்டுதலில் இந்திய மருத்துவ வல்லுநர்கள், 23இலேயே மிகை எடை தொடங்குவதாகவும் 25இலேயே உடற்பருமன் தொடங்குவதாகவும் வரையறுத்தனர். மேலே சொன்ன 65 கிலோக்காரர் உலக அளவுகோலில் இயல்பானவர். இந்திய அளவுகோலில் எடை மிகுந்தவர். அவர் 62 கிலோவுக்கு வந்தால் இரண்டிலும் தேறிவிடுவார்.

கொழுப்பில் உள்ள இந்த வேறுபாடு கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் யாஜ்னிக் குழுவினரின் முக்கியமான கண்டறிதல். புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் பெரிதும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தோன்றும் இக்குழந்தைகள் வளர்ந்து, உடல் உழைப்புக் குறைந்து, உணவு பெருகும் சூழலுக்கு வரும்போது, கூடுதல் கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலிலும் எளிதாகச் சேர்கிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகிறது. கொழுப்பு நிறைந்த கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் சரியாகப் பணியாமல், தேவையில்லாத வேளையிலும் இரத்தத்தில் சர்க்கரையை விடுவித்துக்கொண்டே இருக்கிறது. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. எடைக்கருவிக்கோ எல்லாக் கொழுப்பும் ஒன்றுதான். தசையும்கூட அதற்கு வெறும் கிலோதான்.

ஆகவே, பிஎம்ஐயோடு இடுப்புச் சுற்றளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவை நம்புவதில் பயனில்லை; தொந்தி வளர வளர பேன்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்வதால், பல ஆண்டுகளாக 34லேயே நிற்பவர்கள் நம்மிடையே ஏராளம். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணைகள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது.

எடையைக் குறைப்பதைவிடக் குறைத்த எடையைக் காப்பது கடினம்; அதற்கு மன உறுதியின்மை மட்டும் காரணமல்ல. கொழுப்பு குறையும்போது கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது; மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டி, உடலின் ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறிகளை வைப்பதும், நடைப்பயிற்சியோடு வாரம் இரு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்வதும் தசையைக் காக்க உதவுகின்றன.

அப்படிச் செய்தும் எடை அசையவில்லை என்று சோர்ந்து போவோர் சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை அறிந்திருப்பது நல்லது. 2006இல் வெளியான அந்த ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டுமே பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் இந்த இரண்டாம் குழுவினரின் சராசரி எடை குறிப்பிடும்படி குறைந்திருக்கவில்லை.