யோகா முகாமுக்குப் போகிறவர்கள் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள்

"டாக்டர், யோகா முகாமுக்குப் போறேன், மாத்திரையை நிறுத்திடலாமா?" மனநல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரிஷிகேஷ், கோவை, கேரளத்து நெய்யாறு அணை என்று போகும் ஊர்தான் மாறும்.

போகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகமில்லை. ஐடி வேலையில் தூக்கம் கெட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகவே திரும்பி வருகிறார்கள், போனை வைத்துவிட்டு நேரத்தோடு படுத்தாலே அவர்களுக்குப் பாதி சரியாகிவிடும். துணையை இழந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. முழு மௌனம் எல்லாத் துக்கத்துக்கும் ஒத்துவராது, அதனால் பேச ஆள் இருக்கும் இடமாகப் பார்க்கச் சொல்வேன்.

என் கவலையெல்லாம் மாத்திரையை விடுவதற்காகவே போகிறவர்களைப் பற்றித்தான். சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து, படிவத்தில் நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, "யோகா செய்தால் மருந்தே வேண்டாம்" என்று ஏற்றிவிடும் சொந்தக்காரர்கள் மேல்தான் கோபம். பைபோலார் (மனம் அளவுக்கு மீறி எழும்புவதும் சோர்ந்து போவதுமாக மாறும் நோய்) உள்ளவருக்குத் தூக்கம் குறைவதே மேனியா என்ற அந்த மிதமிஞ்சிய எழுச்சியைக் கிளப்பிவிடலாம். 10 நாள் விபாசனா தியான முகாமில் காலை 4 மணிக்கு எழுந்து, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போலத் தியானத்தில் உட்கார வேண்டும், இதை மருந்தும் இல்லாமல் அவர் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் என்று தண்ணீரையும் உப்பையும் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி, கை நடுக்கம், வாந்தி, தடுமாற்றம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடல் நோய்க்கும் இதே கதைதான். நெய்யாறு அணை சிவானந்த ஆசிரமத்தில் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும்தான் சாப்பாடு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் அளவை மாற்றாமல் அப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் சிரசாசனத்தைத் தொடவே வேண்டாம், அதில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

சரி, போகவே கூடாதா? தாராளமாகப் போங்கள். இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் டாக்டரிடம் முகாமின் கால அட்டவணையைக் காட்டுங்கள். படிவத்தில் உண்மையை எழுதுங்கள். போனை வாங்கி வைக்கிற இடமென்றால் முகாம் அலுவலகத்தின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்புறம், இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், மனசு பறக்கிற மாதிரி இருந்தால் ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காமல் அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.